எத்தனை சதவீதம், மேடம்?

மரபணு ஆலோசனைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு விதத்தில் கேட்கிற கேள்விதான்: பரம்பரையா, பழக்கமா? அன்று வந்த ஒருவர் அதைக் கொஞ்சம் கறாராகக் கேட்டார். "ஜீன் எத்தனை சதவீதம், சிகரெட் எத்தனை சதவீதம்? அதை மட்டும் சொல்லுங்க மேடம்." நாற்பது சொச்ச வயதில் எம்ஃபிசிமா, அதாவது நுரையீரலின் காற்றுப்பைகள் சிதைந்துபோகும் நோய். பரிசோதனையில் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் குறைபாடு, ஜீனின் இரண்டு பிரதியுமே இசட் என்ற பழுதான வகை. பக்கத்தில் மனைவி.

அப்படிப் பிரிக்க முடியாது என்றேன். மழுப்பவில்லை. ஆன்டிட்ரிப்சின் ஒரு புரதம். அது கல்லீரலில் உருவாகி ரத்தம் வழியாக நுரையீரலுக்குப் போகிறது. அங்கே வெள்ளை அணுக்கள் வெளிவிடும் எலாஸ்டேஸ் என்ற நொதி திசுவையே அரித்துவிடாமல் தடுப்பது அதன் வேலை. இசட் வகையில் புரதம் தப்பாக மடிந்து கல்லீரலிலேயே தேங்கிவிடும். ரத்தத்துக்கு வந்து சேர்வது வழக்கமான அளவில் 10 முதல் 15 சதவீதம்தான். புகை என்ன செய்கிறது? வெள்ளை அணுக்களை நுரையீரலுக்கு வரவழைக்கிறது. அது போதாதென்று, மிச்சமிருக்கும் கொஞ்ச ஆன்டிட்ரிப்சினையும் ஆக்சிஜனேற்றம் செய்து முடக்கிவிடுகிறது. இதில் எங்கே கோடு கிழித்துப் பங்கு பிரிப்பது?

"தெரியலைன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன்" என்றார்.

அப்போதுதான் அவர் அண்ணனின் பேச்சை எடுத்தேன். ரிப்போர்ட்டை அவர்களே கொண்டுவந்திருந்தார்கள். அவருக்கும் இசட் இசட், சிகரெட் தொட்டதில்லை, நுரையீரல் பரிசோதனை நன்றாகவே இருந்தது. "அண்ணனைப் பாருங்களேன்" என்றேன். "எத்தனை தடவை தலையில அடிச்சுக்கிட்டேன்" என்றார் மனைவி. அதற்கப்புறம் அவர் எதுவும் கேட்கவில்லை.

நான் சொன்னதில் பிழை இல்லை. ஜீனை மாற்ற முடியாது, புகையை நிறுத்த முடியும். எதைப் பேசினால் பயன் உண்டோ அதைத்தானே பேச வேண்டும். ஆனால் அண்ணனுக்குப் பதிலாக, இவரோடு சேர்ந்து அதே அளவு புகைத்த நண்பர்களை நான் பக்கத்தில் நிறுத்தியிருக்கலாம். அவர்களில் பெரும்பாலோருக்கு இந்த வயதில் எம்ஃபிசிமா வந்திருக்காது. அண்ணனோடு ஒப்பிட்டால் வித்தியாசம் முழுக்க சிகரெட். நண்பர்களோடு ஒப்பிட்டால் முழுக்க ஜீன். இரண்டும் உண்மை. யாரைப் பக்கத்தில் நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது. அன்றைக்கு நிறுத்தியது நான், அதுவும் மனைவி இருக்கும்போது.

ஃபீனைல்கீட்டோனூரியாவை நினைத்துப் பார்க்கிறேன். உணவுப் புரதத்தில் இருக்கும் ஃபீனைல்அலனினை உடலால் சரியாக உடைக்க முடியாமல், அது தேங்கி மூளையைப் பாதிக்கும் பரம்பரை நோய். 1934-ல் நார்வேயில் ஃபோலிங் என்ற மருத்துவர் அதைக் கண்டறிந்தபோது வைத்தியமே கிடையாது. ஃபீனைல்அலனின் குறைந்த உணவைப் பிறந்த சில நாட்களிலேயே தொடங்கினால், அதே ஜீனோடு குழந்தை நன்றாக வளரும் என்பது பின்னால் தெரிந்தது. அங்கேயும் ஜீனும் உணவும் சேர்ந்தால்தான் நோய். ஆனால் அந்தப் பெற்றோர் யாரும் என்னிடம் சதவீதம் கேட்டதில்லை. பழி போட ஆள் இல்லாத இடத்தில் கணக்கும் தேவைப்படுவதில்லையோ என்னவோ.

அப்படியானால் அவர் கேட்டதும் அறிவியல் கேள்வி இல்லை, மனைவி முன்னால் கொஞ்சம் மன்னிப்பைத்தான் கேட்டார் என்று சில சமயம் தோன்றும். சில சமயம், அதெல்லாம் நானாகக் கற்பித்துக்கொள்வது, மனுஷர் நிஜமாகவே எண்ணைத்தான் கேட்டார் என்றும் தோன்றும்.

சிகரெட்டை விட்டுவிட்டார். என் பேச்சாலா, மூச்சிரைப்பாலா என்று கேட்டால் அதற்கும் என்னிடம் சதவீதம் இல்லை.

அடுத்து மகளைக் கூட்டி வருகிறார்கள். அப்பா வழியில் ஒரு இசட் நிச்சயம். அம்மாவிடமிருந்தும் ஒன்று வந்திருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். வந்திருந்தால், இந்த முறை கேள்வி கேட்கப்போவது அம்மா. அவரிடமும் முதலில் சிகரெட்டைப் பற்றித்தான் பேசுவேன் என்று நினைக்கிறேன்.