வாலிநோக்கமும் லைக் விழாத படங்களும்

நட்சத்திரப் படம் எடுக்க ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரை ஊரான வாலிநோக்கத்துக்குக் கிளம்பினேன். ஏர்வாடியிலிருந்து அங்கே போக எண்ணூறு ரூபாய் கேட்டார் ஆட்டோக்காரர். ராத்திரி திரும்பும்போது சவாரி கிடைக்காது என்றார், சரி. இருட்டுக்குள் பாதி வழியில் நிறுத்தி இன்னும் இருநூறு கேட்டாரே, அது அயோக்கியத்தனம். கொடுத்துத் தொலைத்தேன். ராமநாதபுரம் வரை பஸ்ஸில் மிச்சம் பிடித்ததெல்லாம் அதோடு போச்சு.

தனுஷ்கோடிக்குப் போயிருக்கலாமே என்பீர்கள். அங்கே பொழுது சாய்ந்ததும் ஆட்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள், நட்சத்திரத்துக்கு உதவாது. வாலிநோக்கத்தில் உப்பளம் தாண்டினால் தெற்கே மன்னார் வளைகுடா, அதற்கப்புறமும் கடல்தான்.

கிளம்பக் காரணமே ஹார்டு டிஸ்க்கில் கிடந்த பழைய படங்கள். முன்பு இதே கரையில் பால்வீதி மேலே வரக் காத்திருந்தபோது சும்மா தெற்கே திருப்பி எடுத்தவை. பாதி மங்கல், மீதி படகு லைட். "கரண்ட் போனப்ப எடுத்ததா?" என்றாள் தங்கை. லைக் எல்லாம் பால்வீதிக்குத்தான். இன்றைக்கு அந்தப் பால்வீதிப் படம் எனக்கு அலுத்துவிட்டது. லடாக் என்று சொல்லிப் போட்டாலும் நம்புவார்கள்!

மங்கல் படத்தைப் பெரிதாக்கினால் தென்சிலுவை, தெற்கு வானில் சிலுவை போல் நிற்கும் நட்சத்திரக் கூட்டம். டெல்லியில் அது முழுசாக உதிக்கவே உதிக்காது. இங்கே அதன் அடி நட்சத்திரமே கடலுக்கு மேல் 17 டிகிரி ஏறுகிறது. இடப்பக்கம், இன்னும் உயரத்தில், பஞ்சுப் பிசிறாக ஒமேகா சென்டாரி. சுமார் 17,000 ஒளியாண்டு தள்ளியிருக்கும் நட்சத்திரக் கொத்து, கேமராவோடு வந்த என் கிட் லென்ஸில்! ஷட்டரை 20 நொடி திறந்து வைத்தும் சிலுவை கோடாக இழுபடவில்லை. வானத்தின் தென்துருவத்துக்குக் கிட்டே இருப்பதால், வானத்தின் நடுக்கோட்டில் இருக்கும் ஓரியனின் பாதி வேகத்தில்தான் அது நகர்கிறது.

இந்தத் தடவை சித்திரை அமாவாசை. பத்து மணிக்குச் சிலுவை நிமிர்ந்து நின்ற நேரம் பார்த்து ஒரு நாட்டுப்படகு லைட்டோடு குறுக்கே வந்தது. நான் சலித்துக்கொண்டதைப் பார்த்து, வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் சொன்னார்: "அதையும் சேத்து எடுங்க தம்பி. இல்லாட்டி எந்த ஊருக் கடல்னு எவனுக்குத் தெரியும்?"

சேர்த்தே எடுத்தேன். வாசலில் மாட்டப் போவதும் அதைத்தான், தங்கை என்ன சொன்னாலும்.

சாப்பாடு ஏர்வாடியில் பரோட்டா, கணவாய் வறுவல். கீழக்கரைத் தொதல் இனிப்பு வாங்காமல் திரும்பாதீர்கள். போவதென்றால் சித்திரை, வைகாசியில் போங்கள். ஆடி தாண்டினால் இருட்டும்போதே சிலுவை தென்மேற்கில் சாய்ந்து கிடக்கும். ஆட்டோ வாடகையை ஏறும் முன்பே பேசிவிடுங்கள், திரும்புவதற்கும் சேர்த்து.