அம்மாவின் டெப்பில் காணாமல் போன விட்ஜெட்டுகள்

மூன்று தரம் யாழ்ப்பாண ரவுணுக்குப் (டவுனுக்கு) போய், இரண்டாயிரம் ரூபாயும் கொடுத்து, கடைசியில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்தே சரிப்படுத்திய, அம்மாவின் ஆண்ட்ராய்டு டெப்பின் (டேப்லெட்டின்) கதை இது. இன்னும் மனம் ஆறவில்லை. காசு போனதற்காக அல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு அம்மா விளக்கு வைத்துவிட்டு, டெப்பை மடியில் வைத்தபடி ஒன்பது மணிவரை காத்திருந்தா. தங்கச்சி ரொறன்ரோவில் இருந்து எடுப்பாள் என்று திரையில் இருந்தது. அவளோ அந்த அழைப்பைச் சனிக்கிழமைக்கு மாற்றி, முதல்நாளே எடுத்துப் பார்த்து, பதில் இல்லாமல் விட்டுவிட்டாள். திரையில் பழைய நாளே நின்றிருந்தது.

"இண்டைக்கெல்லோ பிள்ளை எடுப்பன் எண்டவள்?" என்று அம்மா கேட்டது இப்போதும் காதில் நிற்கிறது.

முதலில் அம்மாவின் முகப்புத்திரையில் என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். அவவுக்குச் செயலிகளுக்குள் போய்த் தேடுவது ஒத்துவராது. கண்ணாடி போட்டாலும் சின்ன எழுத்து தெரியாது. அதனால் செயலியைத் திறக்காமலே அதன் தகவலை முகப்பில் காட்டும் சின்னக் கட்டங்களான விட்ஜெட்டுகளை வைத்து, ஒரே ஒரு பக்கம் செய்து கொடுத்தேன். மேலே மூன்று ஊர்களின் நேரம் காட்டும் கடிகார விட்ஜெட்: யாழ்ப்பாணம், லண்டன், ரொறன்ரோ. இடப்பக்கம் கூகுள் கலண்டரின் நிகழ்ச்சிப் பட்டியல். வலப்பக்கம் மருந்து நேரம் காட்டும் விட்ஜெட். மிளகாய் காயப்போடும் நாட்களில் பார்ப்பதற்காக அதன் கீழே மழை, வெயில் காட்டும் ஒன்று. அடியில் வாட்ஸ்அப்பில் பிள்ளைகள் ஒவ்வொருவரின் உரையாடலுக்கும் ஒரு குறுக்குவழி.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது கலண்டர்தான். தங்கச்சி தன் கூகுள் கலண்டர் ஒன்றை அம்மாவின் கணக்குடன் பகிர்ந்திருந்தாள். அவள் அங்கே ஞாயிறு காலை 10 மணி என்று போட்டால், கோடைகாலத்தில் இங்கே இரவு 7.30 என்று தானாகவே விழும். நவம்பரில் கனடாவில் கடிகாரத்தைப் பின்தள்ளியதும் அதே 10 மணி இங்கே 8.30 ஆகிவிடும். அப்பா இருந்த காலத்தில் வித்தியாசம் ஒன்பதரை மணித்தியாலமா பத்தரையா என்று விரல்விட்டுக் கழித்து, எத்தனை தரம் நடுச்சாமத்தில் பிள்ளைகளை எழுப்பியிருக்கிறோம்! அந்தக் கணக்கு வீட்டை விட்டே போனது எனக்குப் பெரிய ஆறுதல்.

சரி, பிழை எங்கே தொடங்கியது என்று பார்ப்போம். டெப்பின் உள் நினைவகம் 32 ஜிபி. சொந்தக்காரர் அனுப்பும் வீடியோக்களால் அது முட்டிப்போய், புதுப்படம் ஒன்றும் இறங்கவில்லை. இணுவிலில் இருந்து பஸ் பிடித்து ரவுணில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். பெடியன் 64 ஜிபி மெமரி கார்ட் ஒன்று போட்டு, அரை மணித்தியாலத்தில் தந்துவிட்டான். வீட்டுக்கு வந்து பார்த்தால் மருந்து விட்ஜெட்டும் இல்லை, மழை விட்ஜெட்டும் இல்லை. இரண்டு இடமும் வெறுமையாகக் கிடந்தன. திரையை அழுத்திப் பிடித்து விட்ஜெட் பட்டியலைத் திறந்தால், அந்த இரண்டு செயலிகளின் பெயரே அங்கே இல்லை. ஆனால் செயலிகள் இருந்தன, திறந்தால் வேலையும் செய்தன.

அடுத்த நாள் திரும்பப் போனேன். "அண்ணை, இது சொஃப்ட்வெயர் பிழை. ரீசெட் அடிச்சால்தான் சரிவரும். பின்னேரம் வாங்கோ" என்றான். ரீசெட் என்றால் டெப்பில் உள்ளதை எல்லாம் அழித்து, வாங்கிய நாளில் இருந்த மாதிரி ஆக்குவது. நான் தலையாட்டிவிட்டேன். படங்களைக் கார்டில் எடுத்து வைத்ததால் அவை தப்பின. நான் ஒரு முழு நாள் இருந்து அடுக்கிய முகப்புத்திரை போய்விட்டது. விட்ஜெட் இருந்த இடங்கள், வாட்ஸ்அப் குறுக்குவழிகள், எழுத்தின் அளவு எல்லாமே முதலில் இருந்து. அதைவிட, மருந்து விட்ஜெட் அப்போதும் வரவில்லை. டெப்பைக் கையில் தரும்போது பெடியன் நல்ல எண்ணத்தோடு ஒன்று சொன்னான்: "இடம் முட்டாமல் இருக்க, ஏலுமான அப் எல்லாத்தையும் திரும்பக் கார்டுக்குப் போட்டு விட்டிருக்கிறன் அண்ணை." விடை அந்த வசனத்தில்தான் இருந்தது. எனக்கு அது விளங்க இன்னும் இரண்டு கிழமை எடுத்தது.

அதற்குள்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மூன்றாம் தரம் போனபோது, டெப் பழசாகிவிட்டது, புதிது எடுங்கள் என்றார்கள். பேசாமல் வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, முதலில் கலண்டரைப் பிடித்தேன். செயலியைத் திறந்ததும் தங்கச்சி மாற்றிய நாள் சரியாகத் தெரிந்தது. திறந்த கையோடு முகப்பில் இருந்த விட்ஜெட்டும் புதுப்பித்துக்கொண்டது. அப்படியானால் கணக்கிலும் பிழை இல்லை, இணையத்திலும் பிழை இல்லை. திறக்காமல் இருந்ததுதான் காரணம். அமைப்புகளில் பட்டரிப் பகுதிக்குள் போனால், பல நாள் திறக்காத செயலிகளை உறங்க வைக்கும் ஒரு பட்டியல் இருந்தது. கலண்டர் அதற்குள் கிடந்தது. அம்மா ஒரு நாளைக்கு இருபது தரம் அதைப் பார்க்கிறா. ஆனால் முகப்பில் பார்க்கிறாவே தவிர, உள்ளே போவதில்லை. இந்த டெப்பின் கணக்கில் அவ அதைப் பாவிக்கவே இல்லை. பட்டியலில் இருந்து எடுத்து, அந்தச் செயலிக்குப் பட்டரிக் கட்டுப்பாடு இல்லை என்று மாற்றினேன். மருந்துச் செயலிக்கும் அப்படியே. எந்த நிறுவனத்தின் டெப் என்பதைப் பொறுத்து இந்தப் பட்டியலின் பெயரும் இடமும் மாறும். அமைப்புகளின் தேடல் பெட்டியில் பட்டரி என்று தேடினால் கண்ணில் படும்.

பகிர்ந்த கலண்டர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பாருங்கள். கலண்டர் செயலியின் பக்கப் பட்டியலில் ஒவ்வொரு கலண்டருக்கும் தனித்தனியே ஒரு சரி அடையாளம் இருக்கிறது. ரீசெட்டுக்குப் பிறகு தங்கச்சியுடையதை நான்தான் திரும்பப் போட வேண்டியிருந்தது.

அப்புறம் மருந்து விட்ஜெட். காணாமல் போன இரண்டுக்கும் பொதுவாக என்ன என்று யோசித்தபோதுதான் பெடியன் சொன்னது ஞாபகம் வந்தது. அமைப்புகளில் அந்தச் செயலியின் சேமிப்பகத்தைப் பார்த்தேன். மெமரி கார்டில் இருந்தது. மழைச் செயலியும் அங்கேதான். கடிகாரமும் கலண்டரும் டெப்போடு வந்தவை, அவற்றைக் கார்டுக்கு மாற்றவே முடியாது. அதனால்தான் அவை திரையில் தப்பி நின்றன.

ஆண்ட்ராய்டில் கார்டில் இருக்கும் செயலியின் விட்ஜெட் முகப்புத்திரையில் நிற்காது. டெப்பை இயக்கியதும் முகப்புத்திரை முந்தி வந்துவிடும், கார்ட் பிறகுதான் வாசிக்கப்படும். கார்டை எந்த நேரமும் கழற்றலாம் என்பதும் ஒரு காரணம். இது பிழையே அல்ல, ஆண்ட்ராய்டு செய்யும் விதமே அப்படித்தான். ரீசெட் நூறு தரம் அடித்தாலும் மாறியிருக்காது.

இரண்டு செயலிகளையும் உள் நினைவகத்துக்கு மாற்றி, டெப்பை ஒருக்கா நிறுத்தித் திரும்ப இயக்கினேன். விட்ஜெட் பட்டியலைத் திறந்தால் இரண்டும் அங்கே! அந்த நேரத்தில் வந்த சந்தோஷத்தை என்னென்று சொல்வது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இடப் பிரச்சினைக்கு, வீடியோக்களையும் படங்களையும் மட்டும் கார்டில் விட்டேன். உள் நினைவகத்தில் ஏழு ஜிபி மிஞ்சியது. அந்தக் கார்டுக்கு அதுதான் சரியான வேலை.

அதோடு முடிந்தது என்று நினைத்தால், விட்ஜெட்டை இழுத்துப் போட முடியவில்லை. அழுத்திப் பிடித்தால் அசையவே இல்லை. அம்மாவின் விரல் பட்டு ஒன்றும் கலைந்துவிடக்கூடாது என்று, ரீசெட்டுக்குப் பிறகு அடுக்கிய அன்றே முகப்புத்திரையைப் பூட்டி வைத்திருந்தேன். அதை மறந்துபோய் ஒரு பின்னேரம் முழுக்கத் திண்டாடினேன். முகப்புத்திரை அமைப்பில் அந்தப் பூட்டைத் திறந்து, அடுக்கி, திரும்பப் பூட்டினேன். வயதானவர்களின் டெப்பில் இந்தப் பூட்டு இருந்தால் கட்டாயம் போடுங்கள், போட்டதை ஒரு இடத்தில் எழுதியும் வையுங்கள்.

இரண்டு தரம் அடுக்கியதில் கைவந்த சில விஷயங்கள் உண்டு. எழுத்தின் அளவையும் முகப்புத்திரையில் ஐகன்கள் நிற்கும் கட்டங்களின் எண்ணிக்கையையும் முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் விட்ஜெட்டில் கை வைக்க வேண்டும். பிறகு எழுத்தைப் பெருப்பித்தால் உள்ளே இருப்பது வெட்டுப்படும். கட்டத்தை மாற்றினால் எல்லாம் இடம்மாறும். கலண்டரில் மாதக் காட்சியை நம்பிப் போடாதீர்கள், அந்தச் சின்னக் கட்டங்களில் வயதானவர்களுக்கு ஒன்றும் தெரியாது. நிகழ்ச்சிப் பட்டியலை அழுத்திப் பிடித்து, ஓரப் புள்ளிகளை இழுத்து, பாதித் திரைக்கு நீட்டிவிடுங்கள். டெப்பை நிறுத்தியும் படுக்கவைத்தும் பார்ப்பவர்கள் என்றால், முகப்புத்திரை சுழல்வதை நிற்பாட்டிவிடுங்கள். அம்மாவுக்குப் பொருட்கள் இடம் மாறினால் அதுவே பயம்.

மழை விட்ஜெட் உடனே மாறவில்லை என்று பதறவும் வேண்டாம். ஆண்ட்ராய்டின் வழமையான முறையில் விட்ஜெட்டுகள் அரை மணித்தியாலத்துக்கு ஒரு தரத்துக்கு மேல் தாமாகப் புதுப்பிக்காது. ஒரு மணித்தியாலம் பார்த்துவிட்டுத்தான் பட்டரிப் பட்டியலுக்குள் போங்கள்.

கூகுள் கலண்டரில் இலங்கை விடுமுறைகளைச் சேர்த்தால் போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்கள் தானாக வரும். விரத நாட்களுக்கு அம்மா வாக்கிய பஞ்சாங்கம் தவிர வேறெதையும் ஏற்கமாட்டா. அதனால் புத்தகத்தை அவ வாசிக்க நான் ஒவ்வொன்றாக எழுதிப் பதிந்தேன். நல்லூர்க் கொடியேற்றம் தொடங்கி 25 நாட்களையும் பதியச் சொன்னா. பதிந்தேன்.

கடைக்குக் கொடுக்க வேண்டி வந்தால், அதற்கு முதல் முகப்புத்திரையைப் படம்பிடித்து உங்கள் போனுக்கு அனுப்பி வையுங்கள். நான் இரண்டாம் தரம் நினைவில் இருந்துதான் அடுக்கினேன். தம்பியின் குறுக்குவழி தங்கச்சியுடையதுக்கு இடப்பக்கம் இருந்ததா வலப்பக்கம் இருந்ததா என்று அம்மாதான் சொல்லித் திருத்தினா.

போன ஞாயிறு தங்கச்சி காலை 10 மணியை 10.30 ஆக்கியிருக்கிறாள். எனக்கு அவள் சொல்லவில்லை. நான் கிணற்றடியில் நின்றபோது அம்மா உள்ளே இருந்து குரல் கொடுத்தா: "தம்பி, பிள்ளை எட்டு மணிக்குத்தான் எடுப்பாளாம். நான் அதுக்குள்ள புட்டு அவிச்சுப்போட்டு வாறன்."