சப்வூஃபரும் மெயின் ஸ்பீக்கரும் சேரும் இடம்

பேஸ் எனும் அடித்தொனிக்கென்றே தனியாக வைக்கும் சப்வூஃபர் (சுருக்கமாக சப்) வந்த பிறகும் பேஸ் கிட்டாரில் ஒரு ஸ்வரம் இடிக்கும், அடுத்தது காணாமல் போகும். உடனே கை சப்பின் வால்யூமுக்குப் போகும். அதைத் தொடாதீர்கள். கோளாறு பெரும்பாலும் சப் வைத்த இடத்திலோ, அது மெயின் ஸ்பீக்கரோடு சேரும் நேரத்திலோதான்.

நம் ஊர்ச் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் பேஸை வெளியே விடாமல் அறைக்குள்ளேயே திருப்பி அடிக்கும். 14 அடி நீள ஹாலில் 40 ஹெர்ட்ஸ் அலை இரு சுவருக்கு நடுவே அப்படியே நிற்கும். சோஃபா நட்டநடுவில் இருந்தால் அந்த 40 ஹெர்ட்ஸ் காதுக்கு எட்டாது. ஈக்யூவில் (ஒவ்வொரு அலைவரிசையின் சத்தத்தையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர்) 6 டெசிபல் ஏற்றினால் ஆம்ப்ளிஃபயர் நான்கு மடங்கு பவர் கொடுக்கும். ஆனாலும் சத்தம் விழுந்த பள்ளம் பள்ளமாகவே இருக்கும். சத்தம் எகிறிய மேட்டை வெட்டத்தான் ஈக்யூ. சோஃபாவை இரண்டடி பின்னால் தள்ளுங்கள். பிறகு சப்பைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து, பேஸ் ஏறி இறங்கும் பாட்டு ஒன்றை ஓடவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நகர்ந்து கேளுங்கள். எல்லா ஸ்வரமும் ஒரே கனத்தில் கேட்கிற இடம்தான் சப்புக்கு. மூலையில் சத்தம் கூடும், சீராக இருப்பது அபூர்வம்.

ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரில் மெயின் ஸ்பீக்கரை ‘ஸ்மால்’ (அடி பேஸைச் சப்புக்கு அனுப்பும் அமைப்பு) ஆக்கி, கிராஸ்ஓவரை, அதாவது ஒலி சப்புக்கு மாறும் எல்லையை, 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். சிறிய புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் என்றால் 100. சப்பின் பின்பக்கக் கிராஸ்ஓவர் திருகைக் கடைசிவரை ஏற்றிவிடுங்கள்; இல்லாவிட்டால் இரண்டு ஃபில்டரும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நடுவில் ஓட்டை விழும்.

அடுத்து ஃபேஸ், அதாவது சப்பும் மெயின் ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் அசைகின்றனவா என்பது. பலர் தொடாமல் விடுவது இதைத்தான். 80 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 4.3 மீட்டர். அதில் பாதி, சுமார் 2.1 மீட்டர், சப் பின்தங்கினால் மெயின் ஸ்பீக்கரின் கோன் காற்றை முன்னால் தள்ளும்போது சப் பின்னால் இழுக்கும். இரண்டும் சேர்ந்து ஓடியும் சத்தம் குறையும்.

சரிசெய்யும் வழி தலைகீழானது. சப்பின் ஃபேஸ் சுவிட்சை 180-இல் வையுங்கள்; சப்பின் அசைவு தலைகீழாகும். இடது, வலது ஸ்பீக்கர், சப் மூன்றிலும் 80 ஹெர்ட்ஸ் டோன் ஓடட்டும். உட்காரும் இடத்தில் காது உயரத்தில் சவுண்ட் மீட்டர். மொபைல் மைக் பேஸைக் குறைத்துக் காட்டும்தான், ஆனால் ஒரே டோனின் ஏற்ற இறக்கம் பார்க்க அது போதும். ரிசீவரில் சப்பின் தூரத்தை ஒவ்வொரு முறையும் 30 சென்டிமீட்டர் மாற்றிக்கொண்டே போனால் ஓரிடத்தில் அளவு சட்டென்று விழும். அங்கே நிறுத்தி சுவிட்சை 0-க்குத் திருப்புங்கள். உச்சத்தைவிடப் பள்ளம் கூர்மையானது, அதனால் கண்டுபிடிப்பது எளிது.

ஒரு முழு அலை தள்ளிப்போனாலும் 80-இல் இதே பள்ளம் வரும். அதனால் 60, 100 ஹெர்ட்ஸிலும் 0-வில் வைத்தால் 180-ஐவிடச் சத்தம் கூடுகிறதா என்று பாருங்கள்.

ரிசீவர் மைக் வைத்துத் தானே அளந்து அமைக்கும் ஆட்டோ கேலிபரேஷன், 3.2 மீட்டரில் இருக்கும் சப்பை 4.6 என்று காட்டினால் டேப் வைத்து அளந்து திருத்திவிடாதீர்கள். சப்புக்குள் இருக்கும் ஃபில்டரின் தாமதத்தையும் சேர்த்துத்தான் அது கணக்குப் போட்டிருக்கிறது.