வாங்காத கடனுக்கு வந்த மிரட்டல்: நைரோபியில் ஒரு தரவுப் பாதுகாப்பு முறையீடு

கென்யாவில் கைப்பேசிச் செயலி வழியாகக் கடன் கொடுக்கும் நிறுவனம் ஒன்று, நான் வாங்காத கடனுக்காக என்னை அழைத்தும் குறுஞ்செய்திகளில் மிரட்டியும் வந்தது. அதை எதிர்த்து நைரோபியிலுள்ள தரவுப் பாதுகாப்பு ஆணையர் அலுவலகத்தில் முறையிட்டேன். எனக்குச் சாதகமாக எழுத்து வடிவில் முடிவாணையும் கிடைத்தது. வழக்கறிஞர் எவரையும் அமர்த்தவில்லை. முறையிடக் கட்டணமும் இல்லை. இதே தொல்லைக்கு ஆளாகி, எண்ணைத் தடைசெய்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும் பலரை இங்கே அறிவேன் என்பதால், நடைமுறையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கடன் வாங்கியவர் எங்கள் குடியிருப்பில் முன்பு அஸ்காரியாக, அதாவது காவலராக, இருந்தவர். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்காகச் சில ஆயிரம் ஷில்லிங் வாங்கியிருக்கிறார். பணம் நிமிடங்களில் எம்-பெசாவில், அதாவது கைப்பேசிவழிப் பணச் சேவையில், வந்து விழுந்தது. தவணை தவறியதும், அவருடைய கைப்பேசியில் இருந்த எண்களுக்கெல்லாம் அழைப்புகள் போகத் தொடங்கின. நான் அவருக்குப் பிணையாள் என்றும், அவர் கட்டாவிட்டால் என் பெயரும், யார் கடனை ஒழுங்காகக் கட்டுகிறார்கள் என்று பதிவு வைக்கும் கடன் தகவல் நிறுவனத்துக்குப் போகும் என்றும் எனக்குச் சொன்னார்கள். இரண்டுமே பொய். கடன் வசூலுக்காக வாடிக்கையாளரின் தொடர்புப் பட்டியலில் உள்ளவர்களை அழைப்பதை மத்திய வங்கியின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் தடைசெய்துள்ளன. கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலைத் தொடக்கூடாதென்று கூகுள் பிளே ஸ்டோரும் 2023 மே மாத இறுதியில் விதி கொண்டுவந்தது. ஆனால் அவர் செயலியைப் பிளே ஸ்டோரிலிருந்து எடுக்கவில்லை. குறுஞ்செய்தியில் வந்த இணைப்பிலிருந்து நேரடியாக நிறுவியிருந்தார்.

முறையீட்டில் எதிர்மனுதாரராக யாரைக் குறிப்பிடுவது என்பதுதான் முதல் தடை. செயலிக்கு ஒரு பெயர், அதை நடத்தும் நிறுவனத்துக்கு வேறொரு பெயர். அழைப்பவர்களோ எந்தப் பெயரையும் சொல்வதில்லை. இதற்கு விடை அந்த அஸ்காரியின் எம்-பெசா செய்திகளிலேயே இருந்தது. கடன் தொகை வந்தபோதும், நிறுவனங்கள் எம்-பெசாவில் பணம் பெறும் பேபில் எண்ணுக்கு அவர் ஒரு தவணை கட்டியபோதும், எம்-பெசாவை நடத்தும் சஃபாரிகாம் அனுப்பிய உறுதிச் செய்தியில் பணம் அனுப்பிய, பெற்ற நிறுவனத்தின் பெயர் இருந்தது. அந்தப் பெயரை ஆணையர் அலுவலகத்தின் பதிவேட்டிலும் மத்திய வங்கியின் உரிமம் பெற்றோர் பட்டியலிலும் ஒப்பிட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

ஆணையரிடம் போவதற்கு முன் நிறுவனத்துக்கே ஒரு கடிதம் எழுதினேன். இந்தக் கடிதத்தைப் பலர் வீண் சடங்கு என்று விட்டுவிடுகிறார்கள்; என் முறையீடு நின்றதே அதன் மேல்தான் என்பது என் கருத்து. 2019ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, தன்னைப் பற்றிய தரவு எதற்குப் பயன்படுகிறது என்பதை அறியவும், அதைப் பார்வையிடவும், பயன்பாட்டை மறுக்கவும் ஒருவருக்கு உரிமை தருகிறது. பார்வையிடக் கேட்டால் 7 நாட்களுக்குள் கட்டணமின்றித் தர வேண்டும் என்கின்றன அதன் கீழ் வந்த 2021ஆம் ஆண்டு விதிமுறைகள். நான் கோபத்தையெல்லாம் ஒதுக்கிவிட்டு மூன்றே கேள்விகள் கேட்டேன்: என் எண் உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது, எந்தச் சட்ட அடிப்படையில் அதைப் பயன்படுத்துகிறீர்கள், யாருக்கெல்லாம் கொடுத்திருக்கிறீர்கள். வந்த பதில் ஒற்றை வரி: உங்கள் எண்ணை எங்கள் அமைப்பிலிருந்து நீக்கிவிட்டோம். கேட்ட எதற்கும் அது விடையில்லை என்றாலும், என் எண் அதுவரை அவர்களிடம் இருந்தது என்பதற்கு அவர்களே கொடுத்த எழுத்துச் சான்று அது.

முறையீட்டை எழுத்தாகவோ வாய்மொழியாகவோ கொடுக்கலாம். வாய்மொழியாகச் சொன்னால் அலுவலர்களே பதிவு செய்துகொள்வார்கள். நான் இணையவழியில் அனுப்பிவிட்டு, அப்பர் ஹில் பகுதியில் பிரிட்டாம் கோபுரத்தில் உள்ள அலுவலகத்துக்கு நேரிலும் சென்று, கிடைத்ததா என்று கேட்டுக்கொண்டேன். குறுஞ்செய்திகளின் திரைப்பிடிப்புகளில் அனுப்பிய எண்ணும் தேதியும் நேரமும் வெட்டுப்படாமல் தெரிய வேண்டும். அழைப்புப் பட்டியல், என் கடிதம், அவர்கள் பதில், அஸ்காரி ஒப்புதலோடு தந்த எம்-பெசாச் செய்திகள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் ஒரே பி.டி.எஃப். கோப்பாக்கி, பக்க எண் இட்டு, முறையீட்டின் ஒவ்வொரு கூற்றுக்கும் எதிரே பக்கத்தைக் குறித்தேன். கென்யக் குடிமகன் அல்லாத நான் முறையிட முடியுமா என்ற ஐயம் நண்பர்களுக்கு இருந்தது. அரசியலமைப்பின் 31ஆம் உறுப்பு அந்தரங்க உரிமையை ஒவ்வொரு நபருக்கும் என்றே வழங்குகிறது, குடிமக்களுக்கு மட்டும் என்று அல்ல. அலுவலகத்திலும் எவரும் அதைக் கேட்கவில்லை.

முறையீடு ஏற்கப்பட்டதும் எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு போகும். பதிலளிக்க 21 நாள் அவகாசம் உண்டு. அந்த அவகாசத்துக்குள் நிறுவனத்திடமிருந்து எனக்கு ஒரு சமரச அழைப்பு வந்தது: ஒரு தொகை தருகிறோம், திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். விதிமுறைகள் சமரசத்துக்கு இடம் தருகின்றன. ஏற்றுக்கொள்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். எனக்கு வேண்டியிருந்தது பணத்தைவிட எழுத்து வடிவிலான முடிவு என்பதால் மறுத்தேன்.

அதன்பின் அவர்கள் எடுத்த வாதம்தான் இந்த விவகாரத்தின் மையம். கடன் வாங்கியவர் செயலியை நிறுவும்போது தொடர்புப் பட்டியலைத் திறக்க ஒப்புதல் அளித்தார், ஆகவே எண்களைப் பெற்றது முறையே என்றார்கள். அவருடைய ஒப்புதல் எப்படி என்னுடைய ஒப்புதலாகும்? சட்டத்தின் 28ஆம் பிரிவு, தனிநபர் தரவை அவரிடமிருந்தே நேரடியாகப் பெற வேண்டும் என்பதைப் பொது விதியாக வைக்கிறது. 32ஆம் பிரிவு இன்னும் முக்கியமானது: ஒப்புதல் இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு தரவைக் கையாள்பவருடையது. ஒப்புதல் தரவில்லை என்று நான் நிரூபிக்கத் தேவையில்லை; தந்தேன் என்று அவர்கள்தான் காட்ட வேண்டும். காட்ட அவர்களிடம் ஒன்றுமில்லை. வழக்கறிஞர் இல்லாத சாதாரண மனிதர் ஒரு நிதி நிறுவனத்தின் எதிரே நிற்க முடிவது இந்த ஒரு பிரிவால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆப்பிரிக்காவில் இணைய உரிமை என்றதும் இணைய முடக்கங்களைத்தான் பேசுகிறோம். 2017இல் டோகோவில் இணையம் துண்டிக்கப்பட்டது சட்டவிரோதம் என்று மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான எக்கோவாஸின் நீதிமன்றம் 2020 ஜூனில் தீர்ப்பளித்தது. உகாண்டாவில் 2021 ஜனவரித் தேர்தலையொட்டி ஃபேஸ்புக் முடக்கப்பட்டது. அந்தப் போராட்டங்களுக்கு அமைப்புகளும் வழக்கறிஞர்களும் ஆண்டுக்கணக்கான பொறுமையும் வேண்டும். தரவு உரிமையைத் தனி மனிதரே தன் கையால் பயன்படுத்திப் பார்க்கலாம். தரவுப் பாதுகாப்புக்கான ஆப்பிரிக்க ஒன்றியத்தின் மலாபோ உடன்படிக்கை 2014இல் ஏற்கப்பட்டு, 2023 ஜூனில்தான் நடைமுறைக்கு வந்தது. உடன்படிக்கைகளுக்குக் காத்திராமல் சொந்தச் சட்டம் இயற்றிக்கொண்ட நாடுகளில் கென்யாவும் ஒன்று.

சட்டப்படி முறையீட்டை 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். என்னுடையதும் அந்த வரம்புக்குள் முடிந்தது. நிறுவனம் பொறுப்பாளி என்றும், என் தரவை அழித்ததற்கான ஆதாரம் தர வேண்டும் என்றும், சிறு இழப்பீடு வழங்க வேண்டும் என்றும் முடிவாணை கூறியது. பெரிய தொகை எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். ஆணையர் விதிக்கக்கூடிய அபராதமே 50 லட்சம் ஷில்லிங் அல்லது ஆண்டு விற்றுமுதலில் 1 விழுக்காடு, இவற்றில் எது குறைவோ அதுதான் உச்சம். 2023 செப்டம்பரில் ஒரு கடன் செயலி நிறுவனத்துக்கு விதித்தது 29,75,000 ஷில்லிங். பெற்றோர் அனுமதியின்றிக் குழந்தைகளின் படங்களை வெளியிட்ட பள்ளிக்கு 45,50,000. இன்னொன்றையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது: முடிவாணைகள் பொதுவில் வெளியாகின்றன, முறையிட்டவர் பெயரோடு. அந்தரங்கத்துக்காகப் போனவன் பெயர் ஊரறிய நிற்பதில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது. முடிவை ஏற்காதவர் 30 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்; அவர்கள் செய்யவில்லை.

அந்த அஸ்காரி இப்போது தனக்கான முறையீட்டைக் கொடுத்திருக்கிறார். அவருடைய கடனை அறிமுகமானவர்களிடமெல்லாம் பரப்பியது அவருடைய உரிமையையும் மீறியதுதானே. அவர் வழக்கு என்னுடையதைவிடச் சிக்கலானது, ஏனெனில் 'அனுமதி' என்ற பொத்தானை அவர் அழுத்தியது உண்மை. ஆனால் ஒப்பந்தத்துக்குத் தேவைப்படாத தரவைக் கொடுத்தால்தான் ஒப்பந்தம் என்ற நிபந்தனையின் கீழ் பெறப்பட்டதா என்பதையும் பார்த்தே ஒப்புதல் தன்விருப்பமானதா என்று முடிவுசெய்ய வேண்டும் என்கிறது அதே 32ஆம் பிரிவு. ஒருவருக்குச் சில ஆயிரம் ஷில்லிங் கடன் கொடுக்க அவருக்குத் தெரிந்தவர்களின் எண்கள் அத்தனையும் எதற்கு என்பதுதான் அவருடைய முறையீட்டின் முதல் வரி. நிறுவனத்தின் பதிலுக்கான அவகாசம் ஓடிக்கொண்டிருக்கிறது.