டூயல் என்ரோல்மென்ட்டில் கையெழுத்துப் போடும் முன்

அமெரிக்க ஹைஸ்கூலில் படிக்கும்போதே கம்யூனிட்டி காலேஜ் (உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரி) பாடம் எடுக்கலாம். இதுதான் டூயல் என்ரோல்மென்ட். பல மாநிலங்களில் கட்டணமே இல்லை, இருந்தாலும் சொற்பம். சும்மா வருகிறதே என்று ஒரே செமஸ்டரில் மூன்று பாடங்களை அள்ளிக்கொள்வதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 3 கிரெடிட் பாடம் என்றால் வகுப்பில் 3 மணி நேரம், வீட்டில் 6 மணி நேரம், வாரத்துக்கு 9. மூன்று பாடத்துக்கு 27. பள்ளிப் பாடங்கள் தனி.

ஹைஸ்கூலில் எழுதும் கல்லூரி நிலைத் தேர்வான ஏ.பி.யில் 2 என்ற குறைந்த ஸ்கோர் வந்தால் அந்த ஸ்கோரைக் கல்லூரிக்கு அனுப்பாமல் விட்டுவிடலாம். டூயல் என்ரோல்மென்ட்டில் அந்த வசதி கிடையாது. பதினாறு வயதில் வாங்கிய ‘டி’ கிரேடு நிரந்தரமான கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பட்டியலில்) ஏறிவிடும். பின்னாளில் மருத்துவப் படிப்புக்கு ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பச் சேவை வழியாக விண்ணப்பித்தால் இந்தப் பாடங்களையும் காட்டியாக வேண்டும், ஜி.பி.ஏ. (கிரேடு சராசரி) கணக்கிலும் அவை சேரும்.

பாதியில் விலகினாலும் தப்ப முடியாது. தடயமின்றிப் பாடத்தைக் கைவிடுவதற்கான டிராப் கெடு தாண்டியபின் விலகினால், விலகியதைக் குறிக்கும் ‘டபிள்யூ’ டிரான்ஸ்கிரிப்டில் விழும். அதே கல்லூரியில் பிறகு சேர்பவருக்கு இது நிதியுதவியில் இடிக்கலாம், எடுத்த கிரெடிட்டில் எத்தனை சதவீதம் தேர்ச்சி என்று அங்கே பார்ப்பார்கள். ஹைஸ்கூலில் 6 கிரெடிட்டில் டபிள்யூ, கல்லூரியில் சேர்ந்த முதல் செமஸ்டரில் 15-க்கு 12 தேர்ச்சி என்று வையுங்கள்: 21-க்கு 12, அதாவது 57 சதவீதம். பல கல்லூரிகள் கேட்பது 67.

பிள்ளை தடுமாறுவது பெற்றோருக்குத் தெரிவதும் தாமதம்தான். மாணவர் பதிவேடுகளின் அந்தரங்கத்தைக் காக்கும் ஃபெர்ப்பா சட்டப்படி கல்லூரிப் பதிவேட்டின் உரிமை, வயது எதுவானாலும், மாணவரிடம் போய்விடுகிறது. பேராசிரியர் வீட்டுக்குப் போன் செய்யமாட்டார்.

இவ்வளவும் தாண்டி ‘ஏ’ வாங்கினாலும் கிரெடிட் எங்கும் செல்லும் என்று நம்பக்கூடாது. அதே மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் சிக்கல் இராது. ஹைஸ்கூல் டிப்ளமோவுக்குக் கணக்கான பாடத்துக்குப் பல தனியார் கல்லூரிகள் கிரெடிட் தருவதில்லை. வேறு சில, பொது எலெக்டிவ் (விருப்பப் பாடம்) என்று ஒதுக்கிவிடும்; மேஜருக்கு (முதன்மைப் படிப்புக்கு) உதவாது.

பொறியியல் படிக்க நினைப்பவர் முதல் கால்குலஸை இப்படி முடித்துவிட்டு நேராக இரண்டாம் கால்குலஸில் உட்காருவது எனக்கு உவப்பில்லை. இன்டக்ரேஷன் அரைகுறையாக இருந்தால் அங்கே முதல் மாதமே மூச்சு திணறும். வரலாறு, ஆங்கிலக் கட்டுரை போன்ற ஒரு பாடத்தோடு தொடங்கலாம். பதிவதற்கு முன், சேர நினைக்கும் பல்கலைக்கழகத்தின் டிரான்ஸ்ஃபர் இணைப் பட்டியலில் (வேறு கல்லூரியின் எந்தப் பாடம் தங்களுடைய எந்தப் பாடத்துக்குச் சமம் என்று காட்டுவது) பாட எண்ணைத் தேடிப் பாருங்கள். சிலபஸைச் சேமித்து வையுங்கள். கிரெடிட் மறுக்கப்பட்டு முறையிடும்போது முதலில் கேட்பது அதைத்தான்.