மும்பையில் வேர்க்கடலை இல்லாத தட்டு

வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளையோடு மும்பையில் வெளியே சாப்பிடுவது லேசுப்பட்ட காரியமல்ல. போஹாவின் (அவல் உப்புமா) மேலே முழுசாகக் கிடக்கும் கடலை கண்ணில் பட்டுவிடும். பொடித்துக் கலந்ததுதான் பயம். வடாபாவில் தூவும் பூண்டுப் பொடி, சாபுதானா (ஜவ்வரிசி) கிச்சடி, வெள்ளரிக்காய்க் கோசிம்பீர் என்கிற பச்சடி எல்லாவற்றிலும் அது ஒளிந்திருக்கும். பொறுக்கி எடுத்துவிட்டுக் கொடுத்தாலும் ஆகாது.

தமிழர்கள் நிறைய வாழும் மாட்டுங்காவில் நம்ம ஊர் ஓட்டல்தானே என்று விட்டுவிடுவதில்லை. சட்னிக்குப் பொட்டுக்கடலையா வேர்க்கடலையா, வடை எந்த எண்ணெயில் பொரிகிறது என்று சமையல்காரரிடமே கேட்பேன். பரிமாறுகிற அண்ணன் "ஒண்ணும் ஆகாதும்மா" என்றால் எனக்குப் போதாது. ஒருமுறை ஒரு மாஸ்டர் சட்னி வாளியையே வெளியே கொண்டுவந்து, "இதுல கடலை அரைச்சிருக்கும்மா, பாப்பாவுக்கு வேண்டாம்" என்றார். அந்தக் கடைக்குத்தான் இப்போதும் போகிறோம்.

சென்னை ரயில் லோனாவாலாவில் நின்றால் பெட்டி முழுக்கச் சிக்கி என்கிற கடலைமிட்டாய்தான். இருக்கையை ஈரத் துடைப்புத்தாளால் துடைத்து, மகளின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுவேன். சானிடைசர் கடலைப் புரதத்தை நீக்காது. பாக்கெட் தீனி என்றால் ஒவ்வாமைக் குறிப்பைப் படித்த பிறகுதான்.

டாக்டர் எழுதிக்கொடுத்த அட்ரினலின் ஊசி எப்போதும் என் தோள்பையில் இருக்கும். மூச்சுத் திணறினால் அலர்ஜி மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கவே கூடாது. வெளித்தொடையில் ஊசி, உடனே 108. கூட வரும் தாத்தா, பாட்டிக்கும் இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.