விமானம் ஏறுமுன் வாங்க வேண்டிய உறை: டொரன்டோ கல்லூரிகளில் மாலை வகுப்பு

கோத்தகிரியிலோ கூடலூரிலோ பி.காம். முடித்து, எஸ்டேட் ஆபீசில் ஏழெட்டு வருஷம் கணக்கு எழுதியவருக்குக் கனடா பி.ஆர். (நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை) வந்துவிட்டால், வீட்டில் அடுத்த பேச்சு இதுதான்: "அங்க போயி மறுபடியும் ரெண்டு வருஷம் படிச்சாத்தான் வேலை." அந்த ரெண்டு வருஷம் எல்லோருக்கும் தேவையில்லை. டொரன்டோவின் அரசுக் கல்லூரிகளில், பகலில் வேலைக்குப் போய்க்கொண்டே ஒவ்வொரு பாடமாக எடுத்துப் படிக்க வழி இருக்கிறது. கன்டினியூயிங் எஜுகேஷன் என்பார்கள். நம் மொழியில் தொடர்கல்வி. அதற்கான வேலை பாதி ஊரிலேயே முடிய வேண்டும் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை.

மார்க் ஷீட் வேறு, டிரான்ஸ்கிரிப்ட் வேறு. செமஸ்டர் மார்க் ஷீட்டுகளையும் கன்சாலிடேட்டட் ஷீட்டையும் லேமினேட் செய்து எடுத்துப் போனால் அங்கே அது வெறும் நகல்தான். படித்த பாடங்களையும் மார்க்கையும் சேர்த்துக் காட்டும் டிரான்ஸ்கிரிப்டைப் பல்கலைக்கழகம் தனியாகத் தயாரித்து, உறையிலிட்டு ஒட்டி, ஒட்டிய மடிப்பின் மேல் கையெழுத்தும் முத்திரையும் வைத்துத் தர வேண்டும். ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலோ குன்னூர் பிராவிடன்ஸிலோ படித்திருந்தாலும், பட்டம் தந்தது கோவை பாரதியார் பல்கலைக்கழகம்தான். அதனால் கீழே இறங்கி மருதமலைச் சாலைக்குப் போயாக வேண்டும். 1982-ல் பாரதியார் பல்கலைக்கழகம் தொடங்குமுன் பட்டம் வாங்கிய பெரியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தை அணுக வேண்டும். ஒன்றுக்கு மூன்று உறை வாங்குங்கள். வெளிநாட்டுப் பட்டத்தை எடைபோடும் மதிப்பீட்டு நிறுவனத்துக்கு ஒன்று, கல்லூரிக்கு ஒன்று, கையிருப்புக்கு ஒன்று. வீட்டில் யாராவது "என்னதான் போட்டிருக்குன்னு பாப்போம்" என்று கிழித்துவிட்டால் அந்த உறை செல்லாது. இது அடிக்கடி நடக்கிறது. கையில் வாங்கியதும் உறை மேலேயே "பிரிக்கக் கூடாது" என்று எழுதிய காகிதத்தைச் சுற்றி வையுங்கள்.

இதற்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை கூடுதல் நாள் ஒதுக்குங்கள். வடகிழக்குப் பருவமழையில் பர்லியாறு, கல்லாறு பக்கம் மண் சரிந்தால் குன்னூர் சாலை அடைபடும். கோத்தகிரி வழியாகத்தான் மேட்டுப்பாளையம் இறங்க வேண்டியிருக்கும்.

டிரான்ஸ்கிரிப்டோடு இன்னொன்றும் வாங்க வேண்டும்: நீங்கள் படித்த வருஷத்து சிலபஸ், கல்லூரி முத்திரையோடு. முன்பே படித்ததால் மறுபடி வேண்டாம் என்று அங்கே ஒரு பாடத்துக்கு விலக்குக் கேட்டால், "நீங்கள் படித்த அக்கவுண்டிங்கில் என்னென்ன இருந்தது?" என்றுதான் கேட்பார்கள். பாடத்தின் பெயரும் மார்க்கும் போதாது. பத்து வருஷம் கழித்து டொரன்டோவிலிருந்து போன் போட்டு பழைய சிலபஸைத் தேடச் சொல்வது பெரும் பாடு.

குடியேற்றத்துக்காக வெஸ் போன்ற நிறுவனத்தில் வாங்கிய கல்வி மதிப்பீடு கையில் இருந்தால் போதும் என்று நினைத்துவிட வேண்டாம். அது "இந்தப் பட்டம் கனடாவின் இன்ன பட்டத்துக்குச் சமம்" என்று மட்டும் சொல்லும். கல்லூரிகள் விலக்குத் தருவதற்குப் பாடவாரியான மதிப்பீட்டைக் கேட்கும். கூடுதல் கட்டணம் கட்டி அதே கோப்பை அப்படி மாற்றிக்கொள்ளலாம்.

பெயர் விஷயம் நம்மவர்களுக்கே உரிய தொல்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயர், கல்யாணத்துக்குப் பின் ஆதாரில் கணவர் பெயர். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்குங்கள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்தில் பிறந்து, ஹட்டனிலோ நுவரெலியாவிலோ பள்ளிப் படிப்பு முடித்தவர்கள், அந்தச் சான்றிதழை இலங்கைப் பரீட்சைத் திணைக்களத்திடம் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இனி டொரன்டோ. டொரன்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் 24 அரசுக் கல்லூரிகள் உண்டு. நம்மவர்கள் நிறைய இருக்கும் ஸ்கார்பரோவில் சென்டெனியல் இருக்கிறது. 1966-ல் தொடங்கிய, அந்த மாகாணத்தின் முதல் அரசுக் கல்லூரி அதுதான். செனிகா, ஹம்பர், ஜார்ஜ் பிரவுன் ஆகியவையும் நகரத்துக்குள்ளேயே. இவற்றில் சில இப்போது பாலிடெக்னிக் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கின்றன. நம்மூர் பாலிடெக்னிக்கை நினைத்துக் குழம்ப வேண்டாம்.

"காலேஜ்" என்ற சொல்லும் குழப்பும். காலேஜ் ஆஃப் நர்சஸ், காலேஜ் ஆஃப் ஏர்லி சைல்டுஹுட் எஜுகேட்டர்ஸ் என்பவை படிக்கும் இடங்கள் அல்ல, அந்தந்தத் தொழிலுக்கு உரிமம் தரும் அமைப்புகள். கோவையில் நர்ஸிங் முடித்தவர் கல்லூரியில் பணம் கட்டுமுன், உரிமத்துக்கு என்ன தேவை என்று அந்த அமைப்பிடம் முதலில் கேட்க வேண்டும். இந்த வரிசை மாறினால், உரிமத்துக்கு உதவாத பாடத்துக்குப் பணம் போய்விடும். தெருமுனையில் பலகை வைத்திருக்கும் தனியார் கேரியர் காலேஜ்களும் உண்டு. மாகாணத்தின் பதிவேட்டில் அந்த நிறுவனமும், நீங்கள் சேரப்போகும் குறிப்பிட்ட கோர்ஸும் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

தொடர்கல்வியின் அமைப்பு எளிது. ஒரு பாடம் பெரும்பாலும் 42 மணி நேரம்: வாரம் ஒரு மாலை, மூன்று மணி நேரம், 14 வாரம். செப்டம்பர், ஜனவரி, மே என்று வருஷத்தில் மூன்று பருவம். சான்றிதழுக்கு ஆறு பாடம் என்றால், பருவத்துக்கு இரண்டாக எடுத்தால் ஒரு வருஷம், ஒன்றாக எடுத்தால் இரண்டு. வேலையும் குழந்தையும் உள்ளவர்கள் முதல் பருவத்தில் ஒன்றோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. ஊரும் பஸ்ஸும் குளிரும் பழக ஒரு பருவம் ஆகும்.

தனித்தனியாகப் பாடம் எடுப்பதில் பெரிய பள்ளம் ஒன்று உண்டு. பிடித்த பாடமாக நான்கு படித்துவிட்டு, ஐந்தாவதுக்குப் போகும்போதுதான் அவை எந்தச் சான்றிதழிலும் சேராது என்று தெரியவரும். ஆகவே முதல் பாடத்துக்குப் பணம் கட்டுமுன்னே சான்றிதழின் முழுப் பாடப் பட்டியலையும் இறக்கிக்கொள்ளுங்கள். முன்தேவைப் பாடம் எது, எல்லாவற்றையும் எத்தனை வருஷத்துக்குள் முடிக்க வேண்டும், கிடைப்பது கல்லூரியின் சொந்தச் சான்றிதழா, ஒன்டாரியோ காலேஜ் சர்டிஃபிகேட் என்னும் மாகாணத் தகுதியா என்று பாருங்கள். வேலைக்கு ஆள் எடுப்பவரும் அடுத்த படிப்பும் இரண்டையும் ஒன்றாக மதிப்பதில்லை. செய்த வேலையையே பாடத்துக்கு ஈடாகக் காட்டும் பிளார் என்னும் மதிப்பீடும் உண்டு. கட்டணம் பாடத்தைவிடக் குறைவு. எஸ்டேட்டில் சம்பளப் பட்டியல் போட்டவர் அதைக் கேட்டுப் பார்க்கலாம். முன்பு செய்த வேலையை விவரித்து மேலாளர் எழுதிய ஆங்கிலக் கடிதம் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

பள்ளிப் படிப்பு முடிக்காதவர்களுக்கும் கதவு மூடவில்லை. 19 வயது ஆகிவிட்டால் முதிர் மாணவராக விண்ணப்பிக்கலாம். கணக்கும் ஆங்கிலமும் போதாது என்றால், கல்லூரிகளிலேயே அகாடமிக் அப்கிரேடிங் என்னும் வகுப்பு இலவசம். இலை பறித்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த அம்மாக்கள் அங்கே போனதும் சேரக்கூடிய இடம் இது. வயதை நினைத்துத் தயங்கவே வேண்டாம்.

ஆங்கிலத்துக்குத் தனியாகப் பணம் கட்டுமுன் லிங்க் என்னும், புதிதாகக் குடியேறியவர்களுக்கான ஆங்கில வகுப்பைக் கேளுங்கள். பி.ஆர். உள்ளவர்களுக்கு இலவசம். குடியுரிமை வாங்கியபின் இதில் சேர முடியாது. அதனால் தள்ளிப்போடக் கூடாது. முதலில் மதிப்பீடு செய்து சி.எல்.பி. என்னும் கனடாவின் மொழித்திறன் அளவுகோலில், 1 முதல் 12 வரையுள்ள நிலைகளில் ஒன்றைக் குறிப்பார்கள். கேட்டலிலும் பேசுதலிலும் 4-ஆம் நிலையோ அதற்கு மேலோ முடித்த சான்றிதழ் பின்னாளில் குடியுரிமை விண்ணப்பத்துக்கும் உதவும்.

முதியோர் பராமரிப்பு, குழந்தைகள் காப்பகம் போன்ற படிப்புகளில் நேரடிப் பயிற்சி உண்டு. வகுப்பு மாலையில் இருந்தாலும் பயிற்சி பெரும்பாலும் பகலில்தான், சம்பளமும் எதிர்பார்க்க முடியாது. பகல் வேலையில் இருப்பவர்கள் பாதியில் நிற்பது இங்கேதான். எந்தப் பருவத்தில் எத்தனை மணி நேரம் என்று சேரும்போதே கேட்டு, வேலையிடத்தில் விடுப்பைப் பேசி வையுங்கள். போலீஸ் சரிபார்ப்பும் தடுப்பூசிப் பதிவும் வேண்டும். தட்டம்மை, ஹெபடைட்டிஸ் பி ஊசி போட்ட அட்டை இருந்தால் இங்கிருந்தே கொண்டுபோங்கள். இல்லையென்றால் ரத்தப் பரிசோதனையில் நோய் எதிர்ப்பு இருப்பதைக் காட்டலாம். சிறுவயதில் பி.சி.ஜி. போட்ட நமக்குக் காசநோய்த் தோல் பரிசோதனை நோய் இல்லாமலே பாசிட்டிவ் காட்டலாம். பயப்பட வேண்டாம், மார்பு எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்கள். அதற்கு நாள் பிடிக்கும் என்பதால் பயிற்சிக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள்.

கட்டணம் பாடத்துக்குச் சில நூறு டாலர், புத்தகம் தனி. பி.ஆர். அட்டையைக் காட்டாவிட்டால் வெளிநாட்டு மாணவர் கட்டணம் விழும், அது பல மடங்கு. விலகினால் பணம் திரும்பும் கடைசி நாள் ஒன்று, மதிப்பெண்ணில் கறை இல்லாமல் விலகும் கடைசி நாள் இன்னொன்று. முதலாவது மிகச் சீக்கிரம் வந்துவிடும். பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் பணம் கட்டும் பிரெஸ்டோ அட்டையில் ஒரு டிக்கெட் இரண்டு மணி நேரம்தான் செல்லும். மூன்று மணி நேர வகுப்பு முடிந்து திரும்ப இன்னொரு டிக்கெட் ஆகும். மாதச் செலவில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கட்டியதில் கொஞ்சம் திரும்பவும் வரும். 26 முதல் 65 வயது வரை உள்ளவர்களுக்கு, வருமான வரம்புக்கு உட்பட்டு, வருஷம் 250 டாலர் வீதம் கனடா டிரெயினிங் கிரெடிட் என்னும் வரிச் சலுகை சேரும். மொத்த உச்சம் 5,000. கல்விக் கட்டணத்தில் பாதி வரை அதிலிருந்து கேட்கலாம். 400 டாலர் கட்டியவருக்கு, சேர்ந்திருப்பது 250 என்றால், 200 கிடைக்கும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தவர்களுக்கே இது சேரும் என்பதால், போன முதல் வருஷமே தாக்கல் செய்யுங்கள். கட்டிய கல்விக் கட்டணத்தைக் காட்டக் கல்லூரி தரும் டி2202 படிவம் தபாலில் வராது. பிப்ரவரி முடிவதற்குள் மாணவர் கணக்கில் ஏற்றிவிடுவார்கள், நாம்தான் உள்ளே போய் இறக்கிக்கொள்ள வேண்டும்.